கொல்லையில் மண் இருக்கட்டும்





நமது கடலோர ஊர்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளுக்கும், பழுது பார்க்கப்படும் பழைய வீடுகளுக்கும் இப்போது ஒரு பொது அடையாளம் உண்டு. வாசற்படியிலிருந்து பின்மதில் வரை ஒரு சாண் மண்கூடக் கண்ணில் படுவதில்லை. முன்புறத்தில் பேவர் பிளாக், பக்கவாட்டில் சிமென்ட், பின்புறக் கொல்லையில் ஓடு. முருங்கை நின்ற இடத்தில் துணி துவைக்கும் இயந்திரம் நிற்கிறது. மருதாணிச் செடி இருந்த மூலையில் தண்ணீர்த் தொட்டி அமர்ந்திருக்கிறது. பெருநாளுக்கு மருதாணி வேண்டுமென்றால் கடையில் கூம்பு வாங்குகிறோம்.

இதைச் செய்கின்றவர்களைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவர்கள் சொல்லும் காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. இலைக்குப்பை ஓயாது. மழைக்காலத்தில் சேறு வீட்டுக்குள் வருகிறது. கொசு மொய்க்கிறது. மட்டைக் குவியலில் பாம்பு அடைகிறது. வீட்டின் ஆண்கள் சவூதியிலும் துபாயிலும் மலேசியாவிலும் இருக்கின்றார்கள். ஊரில் இருப்பவர்கள் முதியவர்களும் பெண்களும் பள்ளி செல்லும் பிள்ளைகளும்தான். தென்னை ஏற ஆள் கிடைப்பதில்லை. இத்தனைக்கும் ஒரே தீர்வாகச் சிமென்ட் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் நமது தட்பவெப்பத்தில் அந்தத் தீர்வுக்கு ஒரு விலை உண்டு. நாம் வாழ்வது வெறும் வெப்ப நிலமன்று. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த நிலம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் உடலின் வியர்வை எளிதில் உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. அத்தகைய ஊரில் நிழலே முதல் மருந்து. நிழலை வெட்டிவிட்டுத் தளம் போட்டால், பகல் முழுவதும் வெயிலைக் குடித்த அந்தத் தளம் இஷாவுக்குப் பிறகும் அனலை உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு குளிர்சாதனப் பெட்டி வாங்குகிறோம். அதன் வெளிக்கருவி அதே கொல்லையில் இன்னும் கொஞ்சம் அனலைச் சேர்க்கிறது.

மற்றொன்று கிணறு. கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. மழை மண்ணில் இறங்கும் வரை அந்த நன்னீர்ப் படலம் நிலைக்கும். மழை இறங்காமல் தெருவுக்கு ஓட, நாமோ மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால், கீழிருக்கும் உப்புநீர் மேலேறி வருகிறது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அதற்கான குழாய் இருக்கிறது. அது போய்ச் சேரும் குழியின் மேல் ஓடு பதிக்கப்பட்டிருக்கிறது. அல்லாஹ் வானிலிருந்து அளவோடு நீரை இறக்கி அதைப் பூமியில் தங்க வைப்பதையும், அதைப் போக்கிவிடவும் அவன் ஆற்றலுடையவன் என்பதையும் சூரத்துல் முஃமினூன் நமக்கு நினைவூட்டுகிறது. தங்க வைப்பதற்கு அவன் படைத்த இடம் மண். அந்த இடத்தை நாமே மூடிவிட்டு, கிணறு கரிக்கிறதென்று வருந்துகிறோம்.

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வந்தது. எங்கள் ஊர் அதிராம்பட்டினத்திற்கும் முத்துப்பேட்டைக்கும் இடைப்பட்ட கரையோரம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியின் தென்னைகள் எவ்வாறு சாய்ந்தன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கொல்லையில் எட்டு நின்றன. விடிந்தபோது மூன்று மிஞ்சின. மறு ஆண்டில் நான்கு நெட்டைக் கன்றுகளை நட்டோம். நெட்டை காய்க்க ஆறேழு ஆண்டுகளேனும் ஆகும் என்பதை அறிந்தே நட்டோம். அவை ஆளுயரம் தாண்டி நிழல் தரத் தொடங்கிய சமயத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன், சவூதியிலிருக்கும் எங்கள் காக்கா தொலைபேசியில் அழைத்தார். கொல்லை முழுவதும் பேவர் பிளாக் பதித்துவிடலாம், கன்றுகளை எடுத்துவிடலாம், செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகச் சொன்னார்.

அவர் நோக்கத்தில் குறையில்லை. எங்கள் உம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது; இரு முழங்கால்களிலும் வலி. “உம்மா, நீங்க குனிஞ்சு கூட்டுறதை நெனைச்சா எனக்கு இங்கே வேலை ஓடலை” என்றார் காக்கா. குடும்பத்தார் அனைவரும் அமர்ந்திருந்த மஷூராவில் அந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “வாப்பா, கல்லைப் பதிச்சா என் முழங்கால் வலி போயிருமா? மரம் என்னைப் படுத்தலை. இந்த வீட்டுல கூட்டுறதுக்கு ரெண்டே கைதான் இருக்குன்னு எல்லாரும் நெனைக்கிறீங்க பாருங்க, அதுதான் படுத்துது.”

மறுபடியும் மௌனம். மறுமுனையில் காக்கா, “அப்ப யாரு செய்யிறது?” என்று கேட்டார். அன்றைய மஷூரா அந்த ஒரு கேள்வியைப் பற்றியதாகவே அமைந்தது. மரம் வேண்டுமா வேண்டாமா என்பது பின்னுக்குப் போயிற்று.

பொதுவாக நமது குடும்பங்களில் கொல்லை பெண்களின் இடம். பர்தாவுக்கு இடையூறின்றி அவர்கள் காற்று வாங்குவதும், அண்டை வீட்டாரோடு மதிலருகே பேசுவதும், கீரை பறிப்பதும் அங்கேதான். ஆகவே அதன் வேலையும் பெண்களுடையது என்று யாரும் சொல்லாமலே ஏற்பட்டுவிட்டது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, வீட்டாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்ததை ஸஹீஹுல் புகாரியில் நாம் காண்கிறோம். மதரஸாவில் இந்த ஹதீஸை ஒவ்வோர் ஆண்டும் பாடமாக நடத்துகிறோம். விளக்குமாறும் அந்தப் பணிகளில் அடங்கும்.

அன்று எங்கள் வீட்டில் வேலைகள் பருவம் பார்த்துப் பிரிக்கப்பட்டன. அவற்றை இங்கே எழுதுவது, கடலோரத்தில் வாழும் மற்ற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதற்காகத்தான்.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை

வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய இந்த மூன்று மாதங்களே ஆண்டின் முக்கியமான காலம். புயல் வந்த பின் செய்வதைவிட, வருமுன் செய்வது எளிது. தென்னை ஏறுபவரை ஆவணியிலேயே சொல்லிவைத்து, காய்ந்த மட்டைகளையும் முற்றிய குலைகளையும் இறக்கிவிடுகிறோம். பச்சை மட்டையை வெட்டச் சொல்வதில்லை. அது மரத்தின் உணவைத் தயாரிக்கும் உறுப்பு. முருங்கையின் கிளை எளிதில் முறியக்கூடியது. ஆகவே உயர்ந்தவற்றைப் புரட்டாசிக்குள் வெட்டிவிடுகிறோம். மதில் தாண்டித் தெருவுக்கோ அண்டை வீட்டுக்கோ சென்ற கிளைகளை முதலில் கழிக்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று படித்தவர்கள், இடையூறு கீழே விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மின்கம்பியைத் தொடும் கிளையை மட்டும் நாம் தொடுவதில்லை. மின்வாரிய ஊழியர்களிடம் சொல்லுகிறோம்.

எருக்குழியைக் கிளறிவிடுவதும் இக்காலத்து வேலை. தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் முட்டையிட்டு வளர்கிறது. கிளறும்போது வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழிக்கலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு எனக் கலந்து, இளந்தென்னையின் குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் இடுகிறோம். மழைநீர்க் குழியின் ஜல்லியையும் மணலையும் எடுத்து அலசி மீண்டும் இடுவதும், நீர் வடியும் வாய்க்காலை வெட்டி விடுவதும் காக்காவின் மூத்த மகனுடைய பொறுப்பு. அவருக்கு வயது பதினேழு.

ஐப்பசி, கார்த்திகை

இக்காலத்தில் செடிக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை. நீரை வடிக்கும் வேலையே உண்டு. முருங்கையும் எலுமிச்சையும் வேரில் நீர் தேங்குவதைப் பொறுக்காதவை. வாழைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாய் அடையும். அவற்றின் ரோமம் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும் என்பதால் சிறு பிள்ளைகளை அந்தப் பக்கம் விடுவதில்லை.

எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது கொசு. டெங்குவைப் பரப்பும் கொசு நல்ல நீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகிப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டால் அதன் சுழற்சி அறுபடும். மதரஸாவுக்கு விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையை இதற்கென வைத்துக்கொண்டோம். ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன், எங்கள் பிள்ளைகள் மூவரும் தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய வாளி, பறவைக்கு நீர் வைக்கும் சட்டி ஆகிய அனைத்தையும் கவிழ்த்துவிட வேண்டும். வெறுமனே கவிழ்த்தால் போதாது; பாத்திரத்தின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தாலும், நீர் பட்டதும் உயிர்பெறும் தன்மையுடையவை. மண் உள்ள கொல்லையால்தான் கொசு வருகிறது என்போர், சிமென்ட் தளத்தின் பள்ளத்திலும் மாடித் தொட்டியின் திறந்த வாயிலும் பார்க்க வேண்டும்.

மார்கழி, தை, மாசி

மழை ஓய்ந்த பின் வரும் இந்தக் குளுமையே நமது வசந்தம். மல்லிகையைக் கார்த்திகைக் கடைசியிலோ மார்கழித் தொடக்கத்திலோ தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்துவிட்டால், பங்குனியிலிருந்து பூக்கும். மருதாணியையும் இப்போது கழித்துவிடலாம். கத்தரி, வெண்டை, கீரை விதைக்க ஏற்ற காலம் இது. தென்னைக்கு ஆனி–ஆடியில் ஒரு தவணை எரு வைத்திருந்தால், அடுத்த தவணை மார்கழி–தையில். கீரைப் பாத்தி எங்கள் மகளின் பொறுப்பு. முதல் பறிப்பு அண்டை வீட்டுக்கு என்பது அவள் தானே வகுத்துக்கொண்ட சட்டம். மனிதனோ பறவையோ கால்நடையோ உண்ணும் எதுவும் நட்டவருக்கு ஸதகாவாகும் என்ற நபிமொழியை யாரும் அவளுக்கு அன்று நினைவூட்டவில்லை. மதரஸாவில் ஓதியது அவளிடம் அப்படியே இருந்திருக்கிறது.

பங்குனியிலிருந்து ஆனி வரை

கோடையின் ஒரே விதி மண்ணை வெயிலுக்குக் காட்டாதிருப்பது. அதுவரை குப்பை என்று ஏசப்பட்ட உதிர்ந்த இலைகள் இப்போது மூடாக்கு ஆகின்றன. அவற்றைக் குவித்து எரிப்பதை எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம்; புகை மதில் தாண்டிச் சென்று அண்டை வீட்டு நோயாளியின் மூச்சில் கலக்கிறது. தென்னையைச் சுற்றி ஆறடி அளவுக்குத் தேங்காய் மட்டைகளைப் பரப்புகிறோம். குழிந்த பக்கம் மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மாறி வைத்தால் திடீர் மழையில் ஒவ்வொரு மட்டையும் ஒரு கொசுத்தொட்டி.

நீர் ஊற்றுவது ஃபஜ்ருக்குப் பின், வேரடியில். ஈரப்பதம் மிகுந்த நமது ஊரில் மாலையில் இலைமேல் தெளித்த நீர் இரவெல்லாம் உலராமல் நின்று பூஞ்சை நோய்க்கு இடம் தருகிறது. ஒளுச் செய்யும் நீரை வாழையடிக்கு ஒரு குழாய் மூலம் திருப்பியிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது இரு கைகள் கொள்ளும் அளவில், ஒளுச் செய்தார்கள். அந்த அளவில் ஒளுச் செய்தால் வாழைக்கு ஒன்றும் கிடைக்காது என்று எங்கள் இளைய மகன் ஒருநாள் வாதிட்டான். வாழைக்கு வேண்டுமானால் வாளியில் தனியே எடுத்து ஊற்று, ஒளுவின் பெயரால் ஊற்றாதே என்று விடை கூறினோம்.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நமது நோன்பும் பெருநாளும் பிறையைப் பின்பற்றுகின்றன. ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினோரு நாள்கள் முன்னே வருகின்றன. மரமோ சூரியனைப் பின்பற்றுகிறது. 2018-இல் ரமளான் மே மாத நடுவில், கத்திரி வெயிலில் தொடங்கியது. 2026-இல் அது பிப்ரவரியில் வந்தது. 2030-இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை தொடங்கும். ஆகவே “நோன்புக்கு முன் வெட்டுவோம், பெருநாளுக்குப் பின் நடுவோம்” என்று பழக்கம் வைத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் அது பருவம் தவறிப்போகும். இபாதத்துக்கு ஹிஜ்ரி மாதம், கொல்லைக்குத் தமிழ் மாதம் என இரண்டு நாட்காட்டிகளும் எங்கள் சமையலறைச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. நோன்புக் காலத்தில் வரும் வேலையை ஸஹருக்கும் வெயில் ஏறுவதற்கும் இடையே முடித்துக்கொள்கிறோம்.

முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. ஓதிக்கொடுக்கும் பணியில் இருபது ஆண்டுகளாக இருப்பவர்கள் என்ற முறையில், அதன் முதற்பாதியை மட்டுமே நாம் ஏற்கின்றோம். ஒடித்த முருங்கை தழைக்கும். அடித்த பிள்ளை அடுத்த நாள் மதரஸாவுக்கு வயிற்றுவலி என்று சொல்லும். கொல்லை வேலையிலும் அவ்வாறே. முதல் ஆண்டில் பிள்ளைகள் பல வெள்ளிக்கிழமைகளில் நழுவினார்கள். தண்டனை ஏதும் விதிக்கவில்லை. அவர்களுடன் நாமும் குனிந்து சிரட்டைகளைப் பொறுக்கினோம். பெரியவர் செய்யும் வேலை தாழ்ந்ததல்ல என்று பிள்ளைகள் தாமாகவே முடிவுசெய்து கொள்கிறார்கள்.

காக்காவின் பணமும் வீணாகவில்லை. உம்மா வழுக்காமல் கிணற்றடிக்கும் மருதாணி மூலைக்கும் செல்லுமாறு மூன்றடி அகலத்தில் ஒரு பாதை அமைத்தோம். செங்கற்களை மணல்மீது பரப்பி, இடைவெளியிலும் மணலே இட்டதால் மழை அதன் வழியாகவும் கீழே இறங்குகிறது. பாதையோரம் உம்மா அமர்வதற்கு ஒரு திண்ணை. மிச்சப் பணத்தில் ஆண்டுக்கு இருமுறை தென்னை ஏறுபவருக்கும், கனமான வேலைக்கு வரும் தொழிலாளிக்கும் நியாயமான கூலி கொடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணம் கல்லாக மட்டுமே மாற வேண்டும் என்பதில்லை, கூலியாகவும் மாறலாம். அதில் ஊரில் மற்றொரு வீட்டின் அடுப்பும் எரிகிறது.

எல்லாக் குடும்பத்துக்கும் இது இயலும் என்று நாம் சொல்லவில்லை. தனியே வாழும் விதவைத் தாய்க்கு, பிள்ளைகள் அனைவரும் தூரத்தில் இருக்கும் முதியவருக்கு, எட்டு மரங்களைக் கட்டிக் காக்கச் சொல்வது அநீதி. அத்தகையோர் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, அவற்றைச் சுற்றி ஆறடி மண் என்று நிறுத்திக்கொள்ளலாம். மற்ற இடத்தில் தளம் போட்டாலும் அதன் நீர் அந்த ஆறடியில் வந்து சேருமாறு சரிவு கொடுக்கச் சொல்லலாம். அண்டை வீட்டு இளைஞர்கள் வாரம் ஒருநாள் அங்கு விளக்குமாறு எடுத்தால், அது அண்டை வீட்டாரின் உரிமையை நிறைவேற்றுவதாகும். உபகாரம் என்று சொல்லிக்கொள்ளவும் தேவையில்லை.

கொல்லையை மூடுவது பற்றி உங்கள் வீட்டில் பேச்சு வரும்போது, பொறியாளரைக் கேட்பதற்கு முன், அதைக் கூட்டிக்கொண்டிருக்கும் பெண்ணைக் கேளுங்கள். தளம் வேண்டும் என்று அவர் சொன்னால், தளம்தான் வேண்டுமா, துணைக்குக் கைகள் வேண்டுமா என்று இன்னொரு முறை கேளுங்கள். கைகள்தாம் என்றால், அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடலாம்.

எங்கள் நான்கு கன்றுகளில் ஒன்று இந்த ஆண்டு பாளை விட்டிருக்கிறது. மற்ற மூன்றும் அவன் நாடும்போது விடும்.

நமக்கு அமானிதமாகத் தந்த மண்ணையும் நீரையும் பேணும் நற்பேற்றையும், நம் வீட்டாரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.